கைபேசியில் எக்செல் எப்போது வந்தது?

"கோத்தகிரியில் பசுந்தேயிலை எடைக் கணக்கைக் கைபேசி எக்செல்லில்தான் எழுதுகிறோம். இந்த வசதி ஸ்மார்ட்போனோடு வந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1991-இல் வெளியான பிரிட்டனின் சையன் சீரீஸ் 3 கையடக்கக் கணினியிலேயே சொற்செயலி இருந்தது. 1996-இல் கையடக்கக் கருவிகளுக்கான மைக்ரோசாப்டின் இயங்குதளமான விண்டோஸ் சிஇ-யுடன் பாக்கெட் வேர்டு, பாக்கெட் எக்செல் இரண்டும் வந்தன. கோப்பை மேசைக் கணினியிலிருந்து மாற்றும்போது வடிவமைப்பில் பாதி உதிர்ந்துவிடும். பாம் என்ற கையடக்கக் கருவிகளில், வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும் 'டாக்குமெண்ட்ஸ் டு கோ' செயலி பெயர் பெற்றது.

வேடிக்கை பிறகுதான். 2010-இல் ஐபேட் வந்தபோதே ஆப்பிள், வேர்டு, எக்செல் போன்ற தன் பேஜஸ், நம்பர்ஸ் செயலிகளைக் கொடுத்துவிட்டது. மைக்ரோசாப்ட் 2014 மார்ச் வரை ஐபேடுக்கு ஆபீஸ் (வேர்டு, எக்செல் அடங்கிய தொகுப்பு) தரவில்லை. தன் சொந்த விண்டோஸ் கருவிகளை உயர்த்திப் பிடிக்கும் ஆசைதான் காரணம் என்பது என் கணிப்பு. அந்த இடைவெளியில், ஆபீஸ் கோப்புகளைத் திருத்த உதவும் குயிக்ஆபீஸ் என்ற செயலி வளர்ந்தது. 2012-இல் அதைக் கூகுள் வாங்கியது. ஐபோனுக்கு 2013-இல் ஆபீஸ் வந்தாலும் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே. சாதாரணத் திருத்தங்கள் இலவசமானது 2014 நவம்பரில்.

உங்கள் பக்கம் மலைச்சரிவில் சிக்னல் போய்விடும் என்பதால், கோப்பைக் கைபேசியிலேயே சேமித்து வையுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால், 'ஆஃப்லைன்' வசதியை வீட்டிலேயே இயக்கிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்புங்கள்.