டிராகன், வேதாளம், இரண்டாம் வகுப்பு: கேள்வி பதில்

படப் புத்தகங்களை முடித்துவிட்டு, அத்தியாயம் பிரித்த கதைகளைத் தானே படிக்கத் தொடங்கும் ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கான மாயாஜால சாகசக் கதைகளைப் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிறுவர்களுக்கான வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்துகிறேன். எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்பதும் இடையிடையே தெரிந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: அக்கா, பையன் இரண்டாம் வகுப்பு. படப் புத்தகத்தைக் கடகடவென்று முடித்துவிடுகிறான். அத்தியாயப் புத்தகம் எப்போது கொடுக்கலாம்? அட்டையில் போட்டிருக்கும் வயதை நம்பலாமா?

வயதை விடுங்கள், பக்கத்தைப் பாருங்கள். புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரு கை முழுக்க மடங்கிவிட்டால் அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். ஒன்றிரண்டு விரலோடு நின்றால் அவனிடமே கொடுத்துவிடலாம்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சோதனை போதும். தமிழுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். சொல்லின் அர்த்தம் தெரிந்தும் அதன் நீளத்தில் தடுக்கி விழுகிறானா? "போனார்கள்" என்பதை ஒரே மூச்சில் வாசிக்கிற பையன், "போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று வந்தால் பாதியில் நின்றுவிடுவான். அந்த மாதிரிச் சொல் வரிக்கு ஒன்று வந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகத்தின் கட்டமைப்பையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய மேரி போப் ஆஸ்பர்னின் 'மேஜிக் ட்ரீ ஹவுஸ்' வரிசை இந்த வயதுக்கு நல்ல அளவுகோல். ஜாக், ஆனி என்று அண்ணன் தங்கை. மரத்தின் மேல் ஒரு குட்டி வீடு, அது நிறையப் புத்தகங்கள். ஒரு படத்தைக் காட்டி அங்கே போக ஆசைப்பட்டால் வீடு அங்கே போய் இறங்கிவிடும். முதல் புத்தகத்தில் டைனோசர் காலத்துக்குப் போகிறார்கள். பத்துக் குட்டி அத்தியாயங்கள், பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், நடுநடுவே படம். ஓர் அத்தியாயத்தை ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். "இன்னிக்கு ஒரு சாப்டர் முடிச்சிட்டேன்" என்று பையன் வந்து சொல்கிறானே, அந்தப் பெருமைக்காகத்தான் அத்தியாயம் பிரிப்பதே.

கோவையிலிருந்து ஓர் ஆசிரியை: இந்த வகைப் புத்தகங்கள் ஏராளமாக வருகின்றன. அட்டையில் டிராகன் இருந்தால் வாங்கிவிடுகிறோம். நல்லதை எப்படிப் பிரித்தறிவது?

எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான், டீச்சர். கதையில் வரும் மாயத்தின் விதியை முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் குழந்தையால் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். "அந்த மோதிரத்தைப் போட்டா யாருக்கும் தெரியமாட்டான், ஆனா தண்ணி பட்டா போச்சு" என்று சொல்ல முடிந்தால் போதும். விதி தெரிந்த குழந்தைதான் அடுத்து என்ன ஆகும் என்று யோசிக்கும். ஏழு ராஜ்ஜியம், மூன்று வம்சம், நான்கு வகை மந்திரம் என்று முதல் பக்கத்திலேயே கொட்டினால், எழுத்துக்கூட்டுவதிலேயே பாதிச் சக்தியைச் செலவழிக்கும் பிள்ளைக்கு எதுவும் தங்காது.

எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் காட்டும் புத்தகம் ரூத் ஸ்டைல்ஸ் கேனட் 1948இல் எழுதிய 'மை ஃபாதர்ஸ் டிராகன்'. எல்மர் என்ற பையன், காட்டு மிருகங்கள் கட்டிப்போட்டு வேலை வாங்கும் ஒரு குட்டி டிராகனை மீட்கத் தீவுக்குக் கிளம்புகிறான். கிளம்பும்போது பையில் என்னென்ன வைக்கிறான் என்று பட்டியல் வருகிறது. சூயிங் கம், இளஞ்சிவப்பு லாலிபாப், ரப்பர் பேண்டு, பல்துலக்கும் பிரஷ்ஷும் பேஸ்ட்டும், ஆறு பூதக்கண்ணாடி, சீப்பு, தலைக்குக் கட்டும் ரிப்பன், மடக்குக் கத்தி. வாளும் இல்லை, மந்திரக்கோலும் இல்லை.

அப்புறம் ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு மிருகம் வழிமறிக்கிறது. பசியோடு வரும் புலிகளுக்கு சூயிங் கம். தன் கொம்பு மஞ்சளாகிவிட்டதே என்று அழும் காண்டாமிருகத்துக்குப் பிரஷ்ஷும் பேஸ்ட்டும். பிடரி சிக்கல் விழுந்து எரிச்சலில் இருக்கும் சிங்கத்துக்குச் சீப்பும் ரிப்பனும். ஆற்றைக் கடக்க முதலைகளின் வாலில் ரப்பர் பேண்டால் லாலிபாப்பைக் கட்டுகிறான். பின்னால் இருக்கும் முதலை முன்னால் இருப்பதன் வாலிலுள்ள மிட்டாயை நக்க, வரிசையாகப் பாலம் ஆகிவிடுகிறது! வட்டத்தில் இதை வாசித்தால், இரண்டாவது மிருகம் முடிவதற்குள் பிள்ளைகள் பட்டியலுக்குத் திரும்பிப்போய் "இன்னும் பூதக்கண்ணாடி பாக்கி இருக்கு, அது யாருக்கு?" என்று கத்த ஆரம்பித்துவிடுவார்கள். முன்பக்கத்தை நினைவில் வைத்துப் பின்பக்கத்தைப் படிப்பது என்கிற பழக்கம் இப்படித்தான் வருகிறது. எந்தப் பயிற்சித் தாளாலும் அதைக் கொண்டுவர முடியாது என்பது என் கட்சி.

பெங்களூரிலிருந்து ஓர் அப்பா: மகள் ஒரே டிராகன் வரிசையையே படித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாக் கதையும் ஒரே அச்சு. வேறு ஏதாவது படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம் சார். ட்ரேசி வெஸ்ட் எழுதும் 'டிராகன் மாஸ்டர்ஸ்' மாதிரி ஏதோ என்று நினைக்கிறேன். வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்யும் எட்டு வயதுப் பையனை ராஜாவின் ஆட்கள் கூட்டிப்போய் டிராகன் பயிற்சியாளனாக்கும் கதை அது. இந்த வயதில் ஒரே அச்சாக இருப்பதே உதவி. பெயர்கள், இடம், விதி எல்லாம் முன்பே தெரியும், புதிதாகப் படிக்க வேண்டியது வாக்கியங்களை மட்டும்தான். வேகம் வருவது அப்படித்தான். சலித்தால் அவளே விட்டுவிடுவாள்.

மதுரையிலிருந்து ஓர் அம்மா: மேடம், ஆறு வயது மகளுக்குப் பூதம், ராட்சசன் என்றால் உயிர். ஆனால் ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டேன் என்கிறாள். மாமியார் என்னைத் திட்டுகிறார்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பயம் முழுக்க இல்லாத சாகசக் கதை உப்பில்லாத சோறு. ஆனால் எந்தப் பயம் என்று பார்த்துக் கொடுக்கலாம். அந்த பூதத்துக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகவும் சின்னதாகவும் இருந்தால் குழந்தை தாங்கிக்கொள்ளும். ஷானன் ஹேல், டீன் ஹேல் எழுதிய 'தி பிரின்சஸ் இன் பிளாக்' புத்தகத்தில் பூதங்களுக்கு வேண்டியது ஆடு. மேய்ச்சல் நிலத்துக் குழியிலிருந்து ஏறி வந்து ஆட்டைத் தின்னப் பார்க்கும். இளவரசி விருந்தாளிக்குத் தெரியாமல் நழுவி, பஃப் வைத்த கவுனைக் கழற்றிவிட்டுக் கறுப்பு உடையில் ஓடிப்போய்த் துரத்திவிட்டு வருவாள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். சிரிப்புதான் வருமே தவிரக் கனவில் வராது. வட்டத்துப் பையன்களும் இதைப் பிடுங்கிப் பிடுங்கிப் படிக்கிறார்கள்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். இந்த மாதிரிப் புத்தகங்களில் அத்தியாயம் எப்போதும் ஆபத்தான இடத்தில்தான் முடியும். அடுத்த பக்கத்தைத் திருப்ப வைக்க எழுத்தாளர் செய்யும் வேலை அது. ராத்திரி அங்கே நிறுத்தினால் குழந்தை எப்படித் தூங்கும்? அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் படித்து, ஆபத்து தீர்ந்த இடத்தில் புத்தகத்தை மூடுங்கள். மாமியாரும் தூங்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாத்தா: அம்மா, அறுபதுகளின் அம்புலிமாமாவை பைண்டு செய்து பொக்கிஷமாக வைத்திருக்கிறேன். எட்டு வயதுப் பேரனிடம் கொடுத்தால் அரைப் பக்கத்தில் மூடிவிடுகிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லையா?

ஐயா, பேரன் மேல் பாதிக் குற்றம்கூட இல்லை. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல். உங்கள் தொகுப்பில் லை, ளை, னை, ணை எல்லாம் மேலே தும்பிக்கை போட்ட பழைய எழுத்தில் இருக்கும். ணா, றா, னா என்பவையும் வேறு வடிவம். அவன் பள்ளியில் இவற்றைப் பார்த்ததே இல்லை. "யானை" என்ற சொல்லிலேயே மாட்டிக்கொள்வான். முதலில் ஒரு தாளில் பழைய எழுத்தையும் புது எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ரகசியக் குறியீடு என்று சொன்னால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வான். மொழியும் கனம்தான். வாசிப்பவர் நீங்களாக இருங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கட்டும்.

1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் அந்தப் பத்திரிகை தொடங்கியபோது பிறக்காத நானே வேதாளக் கதைக்கு அடிமை. தோளில் பிணம், அதற்குள் வேதாளம், போகும் வழியில் ஒரு கதை, கடைசியில் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரத்துக்குப் போய்விடும். மாயத்தின் விதியைக் குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மேலே சொன்னேனே, இதைவிடச் சுருக்கமான விதி உண்டா? ஒவ்வொரு கதையும் தனி அத்தியாயம், முன்கதை தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. விக்கிரமாதித்தன் பதில் சொல்லும் பத்திக்கு முன்னால் நிறுத்திப் பேரனிடம் கேளுங்கள். ராஜாவோடு அவன் சண்டை போடுவான், அதற்கு இடம் கொடுங்கள்.

டொரண்டோவிலிருந்து ஓர் அம்மா: அக்கா, மகனுக்கு எட்டு வயது. இங்கிலீஷில பெரிய பெரிய புத்தகம் வாசிக்கிறான். தமிழில எழுத்துக்கூட்டித்தான். அவன்ர அளவுக்குத் தமிழ்ப் புத்தகம் குடுத்தால் "இது பேபிக் கதை" எண்டு தள்ளிவிடுறான். என்ன செய்யிறது?

அவன் சொல்வது சரிதான். மனதுக்கு எட்டு வயது, தமிழ் வாசிப்புக்கு ஐந்து வயது. இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் புத்தகம் தமிழில் குறைவு. படப் புத்தகம் உண்டு, பெரிய பிள்ளைகளுக்கான நாவல் உண்டு, நடுப்படியில்தான் ஆள் நடமாட்டம் இல்லை. போதாக்குறைக்கு, வீட்டில் பேசுவது ஒரு தமிழ், அச்சில் இருப்பது வேறு தமிழ்.

அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கதை சொல்லும் பகுதியை நீங்கள் வாசியுங்கள், மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சை மட்டும் அவன் வாசிக்கட்டும். பேச்சு சின்னதாக இருக்கும், குரலை மாற்றி நடிக்கவும் இடமுண்டு. பூதத்தின் வசனம் எப்போதும் அவனுக்கே. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கும். மூன்றாம் நிலையில், அதாவது 600 முதல் 1500 சொல் வரை உள்ளவற்றில், ஒன்றை முதலில் ஆங்கிலத்தில் படிக்கட்டும். கதை தெரிந்த பிறகு தமிழில் எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

நீங்கள் வாசித்துக் காட்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இருக்கிறது. கீழடியைக் களமாகக் கொண்டது, 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அவனாகப் படிக்க இன்னும் கொஞ்சம் வளர வேண்டும், கேட்பதற்கு இப்போதே சரி.

சேலத்திலிருந்து ஓர் அப்பா: மந்திரம் மாயம் எல்லாம் மூடநம்பிக்கை. அறிவியல் புத்தகம் கொடுக்கலாமே?

கொடுங்கள், யார் தடுத்தது? இரண்டும் ஒரே அட்டைக்குள் வேண்டுமானால் ஏஷியா சிட்ரோவின் 'ஸோயி அண்ட் சாஸஃப்ராஸ்' பாருங்கள். உடம்பு சரியில்லாத மாய மிருகம் வீட்டுக்கு வரும். ஸோயி என்ற சிறுமி நோட்டில் அனுமானம் எழுதி, சோதனை செய்து, தப்பானால் மறுபடி செய்து குணமாக்குவாள். மற்றபடி, டிராகன் கதை படித்துவிட்டு டிராகனை நம்பித் திரியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஈரோட்டிலிருந்து: காமிக்ஸ் கணக்கில் வருமா?

வரும்.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: வரிசை வரிசையாக வாங்கினால் கட்டுப்படியாகவில்லை மேடம். ஒரு நாளில் முடித்துவிடுகிறாள்.

வரிசையின் முதல் புத்தகத்தை மட்டும் வாங்குங்கள், ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க. மீதிக்கு நூலகம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நான்கு வீடு சேர்ந்து ஆளுக்கு ஒன்றாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். புத்தகம் திரும்பி வரும்போது அட்டையில் சாம்பார் இருக்கும், அதைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து எட்டு வயது வாசகி: ஆன்ட்டி, நானே ஒரு மேஜிக் புக் எழுதப்போறேன். எப்படி எழுதணும்?

ஆஹா! மந்திரப் பொருள் ஒன்றே ஒன்று வை, கண்ணு. அது என்ன செய்யும், எப்போது வேலை செய்யாது என்று முதலிலேயே எழுதிவிடு. அது வேலை செய்யாத நேரத்தில்தான் உன் கதாநாயகி பெரிய வம்பில் மாட்ட வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு நோட்டில் இரண்டு பக்கம் போதும், ஒரு பக்கத்தில் படம். கடைசி வரியில் கதவு தட்டும் சத்தமோ வேறு ஏதாவதோ கேட்கட்டும், யார் என்று சொல்லிவிடாதே. எழுதியதும் தம்பிக்கோ தங்கைக்கோ வாசித்துக் காட்டு. எந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்களோ, அந்த இடத்தில் நாலு வரியை அடித்துவிடு.