சாதுவான பூனை வேண்டும், தும்மலும் வரக் கூடாது: எந்த ரகம் வாங்கலாம்?

கேள்வி: வணக்கம் டாக்டர். மேடவாக்கத்தில் நான்காவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். ஏழு வயது மகள் ஒரு வருடமாகப் பூனை கேட்டு நச்சரிக்கிறாள். எனக்கோ காலையில் எழுந்தால் பத்துப் பதினைந்து தும்மல். தோழி வீட்டில் ஒரு பெர்சியன் பூனை இருக்கிறது. அங்கே அரை மணி நேரம் இருந்தாலே கண் அரிக்கும். பகலில் நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், மாமியார் வீட்டில் இருப்பார். கடைக்காரர் ஒருவர் மூன்று மாத ஆண் குட்டி ஒன்றைக் காட்டி, "இது சைபீரியன், அலர்ஜியே வராது" என்று 40,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? வீட்டுக்குள்ளேயே அமைதியாக இருக்கும், அலர்ஜி தராத ரகம் எது?

பதில்: அந்த 40,000 ரூபாயை இப்போதைக்கு எடுக்காதீர்கள். அலர்ஜியே தராத பூனை ரகம் எதுவும் உலகத்தில் இல்லை. கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு விற்றவர் சொன்னதை அப்படியே உங்களிடம் சொல்லியிருப்பார்.

எனக்கே பூனை அலர்ஜி உண்டு. இருபது வருடத்துக்கு மேலாகப் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன், வீட்டில் இரண்டு வளர்க்கிறேன். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே டிவி பார்ப்பேன், ஒன்றும் ஆகாது. மற்றதைத் தூக்கிவிட்டுக் கை கழுவ மறந்தால் போதும், கண் சிவந்துவிடும். இரண்டும் ஒரே தெருவில் கிடைத்த நாட்டுப் பூனைகள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

முடிதான் தும்மலைக் கிளப்புகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முடி வெறும் வாகனம். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதம்தான் காரணம். அதற்கு ஃபெல் டி 1 என்று பெயர். பூனை அலர்ஜி உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த ஒரு புரதம்தான் ஒத்துக்கொள்வதில்லை. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொள்கிறது. எச்சில் முடியில் காய்ந்து, தோல் செதிலோடு சேர்ந்து தூளாகப் பறக்கிறது. அந்தத் தூளில் ஒரு பங்கு மிக மிக நுண்ணியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். சோபாவில் ஒட்டும், திரைச்சீலையில் ஒட்டும், பூனை வளர்ப்பவரின் சட்டையில் ஏறி அலுவலகத்துக்கும் போகும்.

ஆகவே முடியே இல்லாத பூனையும் தப்பாது. 1966-இல் கனடாவின் டொரான்டோவில் முடியில்லாமல் பிறந்த ஒரு குட்டியிலிருந்து தொடங்கிய ரகம் ஸ்ஃபிங்ஸ். முடி இல்லை, ஆனால் எச்சில் உண்டு, தோல் எண்ணெயும் உண்டு. எண்ணெயை உறிஞ்ச முடி இல்லாததால் மெத்தை விரிப்பில் பழுப்புக் கறையாகப் படியும். வாரம் ஒரு முறை குளிப்பாட்ட வேண்டும். தவிர, அது நாள் முழுக்க ஆளைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்கும் அமைதி அதனிடம் கிடைக்காது.

சைபீரியன் பூனைகளில் சிலவற்றுக்கு இந்தப் புரதம் குறைவாக ஊறுவது உண்மைதான். சிலவற்றுக்கு மற்றப் பூனைகளைப் போலவே ஊறுகிறது. குட்டியைப் பார்த்து இது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. வம்சாவளிப் பத்திரம் இல்லாவிட்டால் அது சைபீரியன்தானா என்பதே சந்தேகம். அதோடு அது ஆண் குட்டி. கருத்தடை செய்யாத கடுவன் பூனைக்குத்தான் ஃபெல் டி 1 அதிகம் ஊறும். அதை ஏற்றிவிடுவது ஆண் ஹார்மோன். மூன்று மாதத்தில் அதைக் கொஞ்சிப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லையே" என்று வாங்கி வந்தால், அது பருவத்துக்கு வரும்போது உங்களுக்குத் தும்மல் தொடங்கலாம். பெட்டைக்கும், கருத்தடை செய்த ஆணுக்கும் பொதுவாகக் குறைவு. அதிலும்கூட ஒரு பூனைக்கும் இன்னொரு பூனைக்கும் உள்ள வித்தியாசம், ரகத்துக்கு ரகம் உள்ளதாகச் சொல்லப்படும் வித்தியாசத்தை விடப் பெரியது.

பூனையை விட்டு உங்களிடம் வருகிறேன். வீட்டில் பூனையே இல்லாதபோது காலையில் பதினைந்து தும்மல் போடுகிறீர்கள். அந்தப் பழியைப் பூனை மேல் போட முடியாது. சென்னையின் ஈரப்பதத்தில் மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் செழிப்பாக வாழ்கின்றன. கரப்பான் பூச்சியும் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. தோழி வீட்டில் கண் அரிப்பதற்குப் பூனை காரணமாக இருக்கலாம். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கக் கூடும். அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் தோல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முழங்கைக்குக் கீழே சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து ஊசியால் லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் ஒத்துக்கொள்ளாத இடத்தில் கொசு கடித்த மாதிரி தடிக்கும். அதற்கு முன் சில நாட்கள் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், எத்தனை நாள் என்று அவரிடமே கேளுங்கள். தூசிப் பூச்சி என்று தெரிந்து மெத்தைக்கு உறை போட்டு, விரிப்பை வாரா வாரம் வெந்நீரில் துவைத்தாலே பாதித் தும்மல் குறையலாம். குடம் ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது. கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் பூனைக்கு இடம் இருக்கும்.

ஒரு விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன். உங்களுக்கோ மகளுக்கோ மாமியாருக்கோ இளைப்பு இருந்தால், இன்ஹேலர் எடுத்தும் அது அடிக்கடி வந்துபோனால், பூனை வேண்டாம். தும்மலோடு வாழலாம், மூச்சுத் திணறலோடு விளையாடக் கூடாது.

சரி, பெர்சியன். நம் ஊரில் அமைதியான பூனை என்றாலே எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். அது அமைதியானதுதான், வைத்த இடத்தில் கிடக்கும். ஆனால் தினமும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் அக்குளிலும் வயிற்றிலும் முடி சிக்குப் பிடித்துத் தோலை இழுக்கும். கடைகளில் டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று மூக்கு எவ்வளவு சப்பையோ அவ்வளவு விலை ஏற்றுவார்கள். மூக்கு சப்பையாக ஆக மூச்சு விடுவது கஷ்டம், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். மே மாதம் கரண்ட் போனால் அந்தக் கம்பளியோடு அது படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் நோயும் பெர்சியனில் அதிகம். அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது, பரிசோதனையும் உண்டு. கடையில் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

பெர்சியன் பேச்சு வந்ததால் ஒரு சம்பவம். ஒரு குடும்பம் பூனையைக் கூடையோடு கொண்டுவந்து, "யாருக்காவது கொடுத்துவிடுங்கள் டாக்டர், இவருக்கு அலர்ஜி ஆகிவிட்டது" என்றார்கள். அந்த அண்ணனின் முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம். ஓரம் சிவந்து தடித்திருந்தது, நடுவில் தோல் தெளிவாக இருந்தது. பூனையின் காதுக்குப் பின்னால் முடியை விலக்கினால், தவிடு தூவியது போல ஒரு சொட்டை. விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் பிடித்தேன். அந்தச் சொட்டையின் ஓரத்து முடிகள் பச்சைப் பசேலென்று மின்னின. படர்தாமரை! பூனையிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் பூஞ்சை, பெர்சியனில் அடிக்கடி பார்ப்பது. பூனைக்கும் அவருக்கும் மருந்து, வீடு முழுக்கச் சுத்தம், இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பூனை அவர்கள் வீட்டிலேயேதான் இருக்கிறது. பூனை வந்த பிறகு வட்ட வட்டமாக ஏதாவது வந்தால் அலர்ஜி என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

மற்ற ரகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரும் ராக்டாலும் சுபாவத்தில் நல்லவை, ஆனால் அலர்ஜிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெங்கால் அழகுதான், ஆனால் ஓயாமல் தாவும், உங்கள் ஷோகேஸ் தாங்காது. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். 1961-இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கிடைத்த ஒரு பூனையின் வழி வந்தவை அவை. காதை மடக்கும் அதே குருத்தெலும்புக் கோளாறுதான் மூட்டுகளையும் கெடுக்கிறது. அது சாதுவாக உட்கார்ந்திருப்பதாக நினைப்போம், வலியில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது? இரண்டு வயது தாண்டிய, கருத்தடை செய்த நாட்டுப் பூனை, முடிந்தால் பெட்டை. தெருவிலிருந்து மீட்ட பூனைகளை வீட்டில் வைத்து வளர்த்துத் தத்துக் கொடுப்பவர்கள் சென்னையில் நிறைய இருக்கிறார்கள். குட்டியின் சுபாவம் லாட்டரி. வளர்ந்த பூனை எப்படிப்பட்டது என்று அதை வைத்திருப்பவருக்குத் தெரியும், நீங்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அடுப்படியில் ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்தால் கவனியுங்கள். நல்ல பூனை திடுக்கிட்டுக் காதைத் திருப்பும், பார்க்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் புகுந்து சாயங்காலம் வரை வராத பூனை ஏழு வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்குச் சரிப்படாது. நீங்கள் கூப்பிடாமலே வந்து காலில் உரசுகிறதா, மகள் தொட்டால் வாலைப் பட்பட்டென்று அடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அலர்ஜியைச் சோதிப்பதற்கு ஒரே நாள் போதாது. மூன்று வெவ்வேறு நாட்கள் போய் ஒரு மணி நேரமாவது அந்தப் பூனையோடு இருங்கள். அந்த நாட்களில் அலர்ஜி மாத்திரை போடாமல் இருந்தால்தான் உண்மை தெரியும். இரவு வீட்டுக்கு வந்த பிறகு மூக்கு அடைத்தாலும் அது கணக்கில் சேரும். ஆனால் அந்த வீட்டில் ஐந்தாறு பூனைகள் இருந்தால் எதனால் தும்முகிறோம் என்று தெரியாதே! அதற்கு நான் சொல்லும் வழி: துவைத்த துண்டு ஒன்றைக் கொண்டுபோய், அந்த ஒரு பூனையை மட்டும் முகம், கன்னம், முதுகு என்று நன்றாகத் துடைத்து, ஜிப் கவரில் போட்டு எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டில் சோபாவில் விரித்து அதன்மேல் சாய்ந்து ஒரு மணி நேரம் புத்தகம் படியுங்கள். இளைப்பு இருந்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

இதில் தேறினால் ஒரு மாதத்துக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுப்போம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மகளிடமும் "விருந்தாளியாக வருகிறது" என்றே சொல்லி வையுங்கள். அப்புறம், மாமியாரைக் கேட்டீர்களா? பகல் முழுக்க அதோடு இருக்கப்போவது அவர்தான். கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்பதே இல்லை.

பூனை வரும் முன்பே பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் வலை அடித்துவிடுங்கள். புறாவுக்கு அடிக்கும் சன்னமான வலையைப் பூனை கடித்துக் கிழித்துவிடும், தடிமனானது வேண்டும். நான்காவது மாடியிலிருந்து விழுந்து தாடை பிளந்து வரும் பூனைகளுக்கு நான் தையல் போட்டு அலுத்துவிட்டேன்.

உங்கள் படுக்கையறைக் கதவை முதல் நாளிலிருந்தே சாத்தி வையுங்கள். பாவம் என்று ஒரு நாள் விட்டால் அப்புறம் அதைத் தடுக்க முடியாது. டைல்ஸ் தரை என்றால் உங்களுக்கு நல்லது, கம்பளம் விரித்திருந்தால் சுருட்டிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூள் எல்லாம் எழும்பும், ஈர மாப் போடுங்கள். பூனைக்கு முடி சீவுவதும் அது மலம் கழிக்கும் லிட்டர் மண்ணை அள்ளுவதும் கணவர் வேலை. நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க முடிந்தால் படுக்கையறையில் வையுங்கள். பூனையைக் குளிப்பாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். இரண்டு நாளில் புரதம் பழைய அளவுக்கு வந்துவிடும், பூனைக்கும் உங்களுக்கும் வீண் சண்டை. ப்யூரினா நிறுவனம் 2020-இல் ஒரு பூனை உணவை அறிமுகப்படுத்தியது. அதில் கலந்த முட்டைப் பொருள் பூனையின் எச்சிலிலேயே ஃபெல் டி 1-ஐக் கட்டிப்போடுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து சராசரியாக 47 சதவீதம் குறைவதாக அந்த நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. விற்பவர்கள் செய்த ஆய்வு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கிடைத்தால் முயன்று பார்க்கலாம்.

அந்த ஒரு மாதத்தில் தினசரி காலண்டர் தாளில் எத்தனை தும்மல், கண் அரித்ததா, இரவு தூக்கம் எப்படி என்று குறித்து வாருங்கள். இரவில் இருமலோ நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பூனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். பூனை போன பிறகும் வீட்டில் அந்தத் தூள் மாதக்கணக்கில் இருக்கும், எனவே உடனே சரியாகவில்லை என்று குழம்பாதீர்கள். பூனை வருவதற்கு முந்தைய பத்து நாள் கணக்கையும் இப்போதே எழுதத் தொடங்குங்கள், பிறகு ஒப்பிட அது வேண்டும்.