வாசகர் கேள்வி பதில்: நடுக்களத்தில் நின்றவர்கள்

பெரிய கால்பந்து கோச்சுகளில் பலர் பழைய மிட்ஃபீல்டர்களாகவே இருக்கிறார்களே, ஏன்?
- ப.செ., திருமங்கலம்

ஸ்ட்ரைக்கருக்குக் கண் முன்னால் கோல் கம்பம் இருந்தால் போதும். நடுவில் நிற்பவருக்கு நாலு பக்கமும் ஆள். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கிய வேகத்தில் பறிகொடுப்பார். பத்து வருடம் இதையே செய்தவருக்கு மற்றப் பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள், எங்கே நின்றிருக்க வேண்டும் என்பது மனப்பாடமாகிவிடும். ஆடிய காலத்தில் பார்சிலோனாவில் க்வார்டியோலா, மிலானில் அன்செலோட்டி, லிவர்பூலில் சாபி அலோன்சோ: மூவருமே வேகத்துக்குப் பேர்போனவர்கள் இல்லை. ஓட்டத்தில் குறைந்ததைப் பார்வையில் ஈடுகட்டினார்கள்.

இதை விதியாக்கிவிட வேண்டாம். பெரிய கோச்சுகளில் ஃபெர்குசன் ஆடியபோது ஸ்ட்ரைக்கர். மொரீன்யோ சொல்லிக்கொள்ளும்படி ஆடியவரே இல்லை.

கேப்டனாகவும் கோச்சாகவும் உலகக் கோப்பை வென்றவர் யார்?
- ஒரு வாசகி, மேலூர்

இருவர். பெக்கன்பவர் (1974, 1990), தெஷாம்ப் (1998, 2018). பிரேசிலின் ஸகாலோவும் இரண்டு விதத்திலும் வென்றவர்தான், ஆனால் ஆடியபோது கேப்டன் இல்லை.

அலோன்சோ கோச்சாக வந்ததும் ஜெர்மனியின் லெவர்குசன் அணி ஒரு தோல்வியும் இல்லாமல் லீக்கை வென்றது. பெரிய ஆட்டக்காரர் என்பதால் அது சுலபமாக அமைந்ததா?
- இரா.மு., உசிலம்பட்டி

"வந்ததும்" இல்லை. அங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

2017-ல் ஆட்டத்தை நிறுத்திய அலோன்சோ முதலில் எடுத்துக்கொண்டது ரியல் மாட்ரிட்டின் சிறுவர் அணியை. 2019-ல் ரியல் சொசியதாதின் பி அணிக்குப் போனார். 2021-ல் அதை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். அடுத்த வருடமே அந்த அணி இறங்கியது. கூட்டமில்லாத மைதானத்தில், செய்தித்தாளின் மூலையில் கூட வராத தோல்விகளோடு தொழிலைக் கற்ற வருடங்கள் அவை.

2022 அக்டோபரில் அவர் பொறுப்பேற்றபோது லெவர்குசன் 18 அணிகளில் 17-வது இடம். முதல் ஆட்டத்தில் ஷால்காவை 4-0 என்று வென்று, அதே மாதத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 1-5 என்று உதை வாங்கியது. முதலில் பின்வரிசையை அடைத்தார். அந்த சீசனை ஆறாவதாக முடித்தார். 2023-ல் ஆர்சனலில் இருந்து ஷாகாவை வாங்கி, தான் நின்ற அதே இடத்தில் நிறுத்தினார். பின்னால் மூன்று பேர், ஓரங்களில் கிரிமால்டோவும் ஃப்ரிம்பாங்கும். மூன்று பேர் பின்னால் காவல் என்பதால் ஓரத்து இருவரும் பயமில்லாமல் ஏறினார்கள். 34 ஆட்டத்தில் 28 வெற்றி, 6 டிரா. எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 51 ஆட்டம் தோற்காமல் வந்து, ஐரோப்பிய அணிகள் மோதும் யூரோப்பா லீக் இறுதியில் அட்லான்டாவிடம் 0-3 என்று விழுந்தது.

இத்தாலியின் பிர்லோவைப் பாருங்கள். அதே இடத்தில் ஆடிய மேதை. யுவெண்டஸின் இளையோர் அணிக்குக் கோச்சாக அறிவித்த சில நாட்களிலேயே, ஓர் ஆட்டம் கூட நடத்தாமல், 2020 ஆகஸ்டில் பெரிய அணியைக் கையில் கொடுத்தார்கள். இத்தாலியக் கோப்பை கிடைத்தது. லீக்கில் நாலாவது இடம். ஒரே சீசனில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நம் நாட்டில் காலித் ஜமீலும் பழைய மிட்ஃபீல்டர்தான். 2009 முதல் மும்பை எஃப்சியில் ஏழு வருடம் உழைத்த பிறகுதான் 2017-ல் மிசோரமின் ஐஸால் அணியோடு ஐ-லீக் பட்டம் வந்தது. இந்திய அணிக்குக் கோச்சானது 2025-ல்.

கல்லூரி அணியில் மிட்ஃபீல்டர். கோச்சாக விருப்பம். எங்கே தொடங்க?
- ச.வே., மதுரை

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸில் தொடங்கலாம். பிறகு சி, பி, ஏ, ப்ரோ. இடையில் அணி எதையாவது நடத்திய அனுபவம் கேட்பார்கள். ஆகவே சான்றிதழுக்குக் காத்திருக்காமல் இன்றே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சற்றுச் சிறிய 4-ம் நம்பர் பந்து, பெரியவர்களின் 5 வேண்டாம்.

முதல் பயிற்சி நாலுக்கு இரண்டு: 8 மீட்டர் சதுரம், ஓரத்தில் நாலு பேர் பாஸ் செய்ய, நடுவில் இருவர் பறிக்க வேண்டும். இறுகிக் கிடக்கும் நம் ஊர் மண்ணில் பந்து துள்ளும். சதுரத்தைப் 10 மீட்டராக்குங்கள், பந்தின் காற்றையும் விதி அனுமதித்த கீழ் எல்லையான 8.5 பிஎஸ்ஐ பக்கம் வையுங்கள். 14 மீட்டருக்குப் போனால் யோசிக்காமலே பாஸ் கிடைக்கும், பயிற்சி வீண். பையன்கள் மூலையில் நட்ட கம்பாக நின்றால், பறிப்பவர் பாதையை அடைத்துவிடுவார். கோட்டின் மேலேயே இரண்டடி நகரச் சொல்லுங்கள். ஒரு சுற்று 90 விநாடி, பிறகு ஆள் மாற்று. சித்திரை வெயிலில் காலை ஆறுக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

விசிலை அடிக்கடி ஊதாதீர்கள். நல்ல ஆட்டக்காரராக இருந்து கோச்சானவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான்: தனக்குத் தெரிந்த பாஸைப் பையன் பார்ப்பதற்குள் தானே கத்திச் சொல்லிவிடுவது. ஒரு சுற்று முடியட்டும், பிறகு "பந்து வருமுன் எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள்.