வீடியோ ஓடும்போது புரிகிறது, நிறுத்தினால் வரவில்லை

கேள்வி: ஆறு மாதமாக யூடியூப் பார்த்து வெப் புரோகிராமிங் கற்றுவருகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் முடித்து, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நீளமான தொடரையும் பார்த்துவிட்டேன். கூடவே டைப் செய்தும் பார்க்கிறேன். எல்லாம் புரிகிறது. ஆனால் சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று வெறும் ஃபைலைத் திறந்தால் முதல் வரியே வருவதில்லை. இதைவிட நல்ல தொடர் இருந்தால் சொல்லுங்கள். கட்டணம் கட்டிப் படித்தால் சரியாகுமா? அடுத்து ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைத் தொடங்கலாமா?

பதில்: இன்னொரு தொடர் வேண்டாம். பார்த்ததே போதும், அதைப் பார்க்கும் விதத்தை மாற்றினால் சரி.

உங்களுக்கு நடப்பது விசித்திரமான விஷயமில்லை. 2018இல் மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். மேலே இருக்கும் பாத்திரம் கவிழாமல் மேசைவிரிப்பை உருவும் வித்தை, மூன்வாக் நடனம், டார்ட் எறிதல் போன்றவற்றின் வீடியோக்களைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு 20 முறையும் காட்டினார்கள். அதிகம் பார்த்தவர்களுக்கு ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை ஏறியது. டார்ட்டைக் கையில் கொடுத்து எறியச் சொன்னால், நம்பிக்கை ஏறிய அளவுக்குத் திறமை ஏறவே இல்லை.

‘நான் சும்மா பார்க்கவில்லையே, டைப்பும் செய்கிறேனே’ என்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். எந்தத் தகவலை எந்த வேரியபிளில் வைப்பது, எதை ஃபங்ஷனாகப் பிரிப்பது, அடுத்த வேலை எது என்பதையெல்லாம் ஆசிரியர் முன்பே முடிவு செய்துவிட்டார். உங்கள் கைக்கு வந்தது எழுத்து வேலை மட்டும். வெறும் ஃபைலின் முன் உட்காரும்போது தேவைப்படுவது அந்த முடிவெடுக்கும் பழக்கம். அதற்கு இதுவரை வேலையே வரவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? எல்லாத் தொடரிலும் தவறாமல் வரும் டூடூ லிஸ்ட் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) பாடத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் கீபோர்டைத் தொடாமல் பாருங்கள். பிறகு டேபை மூடிவிடுங்கள். நிறுத்தி வைத்தால் போதாது, கண் தானாக அங்கே போகும். இப்போது ஒரு தாளில், புரோகிராம் வரி எதுவும் இல்லாமல், தமிழில் எழுதுங்கள்: பெட்டியில் டைப் செய்ததை எடு. காலியாக இருந்தால் நிறுத்து. புதிதாக ஒரு எல்ஐ எலிமென்ட் (பட்டியலின் ஒரு வரி) உருவாக்கு. அதற்குள் அந்த வார்த்தைகளைப் போடு. லிஸ்டில் சேர். பெட்டியைக் காலி செய். அப்புறம் ஒவ்வொரு வரியையும் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுங்கள்.

கண்டிப்பாக எங்காவது முட்டிக்கொள்வீர்கள். எந்த இடத்தில் என்பதைக் கவனியுங்கள், அது முக்கியம். ‘எலிமென்ட் உருவாக்கும் மெத்தடின் பெயர் என்ன?’ என்பதில் நின்றால் அது வெறும் மறதி. பல வருடம் வேலை பார்ப்பவர்களும் அதைத் தேடித்தான் எழுதுகிறார்கள். மொசில்லாவின் எம்டிஎன் என்ற வெப் குறிப்புத் தளத்தைத் திறந்து, பார்த்துவிட்டு வாருங்கள். தாளில் அடுத்த தமிழ் வரி என்ன என்பதே தெரியாமல் நின்றால், அந்தப் பகுதி உண்மையில் புரியவில்லை. அப்போது மட்டும் வீடியோவுக்குத் திரும்பி, அந்த இரண்டு நிமிடத்தை மறுபடி பார்த்துவிட்டு மூடுங்கள். முழுப் பாடத்தையும் முதலிலிருந்து ஓட்டாதீர்கள்.

எழுதி முடித்ததும் ஆசிரியர் செய்யாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான டூடூ லிஸ்ட்டுகளில் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் எல்லாம் போய்விடும். போகாமல் வைக்க, பிரௌசருக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்துப் பாருங்கள். ஒவ்வொரு வேலையையும் ஆப்ஜெக்ட்டாக வைத்து, அந்த அரேயை அப்படியே உள்ளே போட்டால், திரும்ப எடுக்கும்போது ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்ற விசித்திரமான எழுத்துதான் வரும். லோக்கல் ஸ்டோரேஜ் ஸ்ட்ரிங்கை (வெறும் எழுத்து வரிசையை) மட்டுமே வைத்துக்கொள்ளும்; ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை செய்து போட்டு, ஜேசன் பார்ஸ் செய்து எடுக்க வேண்டும். இதை நான் சொல்லிவிட்டேன், அதனால் உங்களுக்குப் பாதி லாபம் போச்சு. நீங்களே அரை மணி நேரம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்திருந்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

வீடியோக்களின் பெரிய குறை, பிழைகளை வெட்டி எறிந்துவிடுவது. ஆசிரியர் டைப் செய்வார், ஓடும். உங்களிடம் சிவப்பு வரி வந்தால் பயம் வந்துவிடுகிறது. எஃப்12 அழுத்தி கன்சோலைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்பதைக்கூட அது சொல்லும். ‘கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல்’ என்பதை எல்லோரும் சந்திப்பார்கள். நீங்கள் தேடிய எலிமென்ட் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஐடியின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம். அல்லது ஸ்கிரிப்ட் டேகை ஹெட் பகுதியில் வைத்திருப்பீர்கள். பட்டன் உருவாகும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடி, அதைத் தேடியிருக்கும். ஸ்கிரிப்ட் தனி ஃபைலில் இருந்தால், அந்த டேகில் டிஃபர் என்று சேர்த்தால் தீர்ந்தது. தனக்குப் பிழை வந்து, அதை நம் கண் முன்னே தேடித் திருத்தும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். கிராஃபிக்ஸ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

வீடியோவின் வயதையும் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் லெட், கான்ஸ்ட், ஏரோ ஃபங்ஷன் எல்லாம் 2015இல் வந்தவை. பாடம் முழுக்க வேரியபிளுக்கு ‘வார்’ என்ற பழைய சொல் மட்டுமே இருந்தால் தேதியைச் சரிபாருங்கள். பக்கத்தைக் கட்டங்களாக அமைக்கும் சிஎஸ்எஸ் கிரிட் 2017இல் முக்கிய பிரௌசர்களுக்கு வந்துவிட்டது. பக்க அமைப்பை இன்னும் ஃப்ளோட் என்ற பழைய முறையிலேயே கட்டுபவரிடம் படிக்க அவசியமில்லை. சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியின் பக்கம் போனால் இன்னும் கவனம் வேண்டும். டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் 2015இல் வந்த பிஎச்பி 7லேயே நீக்கப்பட்டுவிட்டன. யூசர் டைப் செய்ததை நேராக எஸ்க்யூஎல் வரிக்குள் (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைக்குள்) ஒட்டிக் காட்டும் பாடம் என்றால் உடனே மூடிவிடுங்கள். டேட்டாபேஸுக்கு ஓட்டை போடக் கற்றுத்தருகிறார்.

கட்டணப் படிப்பைப் பற்றி. அங்கேயும் வீடியோ மட்டும்தான் என்றால் காசு வீண். ஃப்ரீகோட்கேம்ப், ஹார்வர்டின் சிஎஸ்50 வெப் புரோகிராமிங் பாடம் இரண்டும் இலவசம். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு மனிதர் நீங்கள் எழுதிய புரோகிராமைத் திறந்து படித்து, ‘இதை ஏன் மூன்று இடத்தில் திரும்ப எழுதினாய்?’ என்று கேட்பார் என்றால் அதற்குப் பணம் கொடுக்கலாம். சேரும் முன் இதை மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ரியாக்ட்டுக்கு இப்போதைக்குக் காத்திருங்கள். எம்டிஎன் மட்டும் திறந்திருக்க, வீடியோ இல்லாமல் மூன்று வேலைகள் வர வேண்டும்: ரிஃப்ரெஷ் செய்தாலும் அழியாத டூடூ லிஸ்ட், ஃபெட்ச் மூலம் ஒரு ஏபிஐயிலிருந்து (வேறொரு சர்வர் தகவல் தரும் வாசலிலிருந்து) தகவல் எடுத்து, கிடைக்காவிட்டால் அதையும் திரையில் சொல்லும் பக்கம், மேப், ஃபில்டர் கொண்டு அந்தத் தகவலை வடிகட்டிக் காட்டும் தேடல் பெட்டி. வந்துவிட்டால், ரியாக்ட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் டிக்-டாக்-டோ விளையாட்டைப் படிப்படியாகக் கட்டும் எழுத்துவடிவப் பயிற்சி இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். வீடியோ பார்த்தே ஆக வேண்டும் என்றால் 2019க்குப் பிந்தையதாகத் தேர்ந்தெடுங்கள். ரியாக்ட்டை ஃபங்ஷன்களாகவே எழுத வழிசெய்த ஹூக்ஸ் வந்தது அந்த ஆண்டில்தான், அதற்கு முந்தைய பாடங்கள் கிளாஸ் கம்போனென்ட்டுகள் என்ற பழைய முறையையே சுற்றிவரும்.