கொமட் அடியில் கசிவு: கடைக்காரரா, மேசனா பொறுப்பு?

கேள்வி: கோண்டாவிலில் எங்களுடையது பழைய வீடு. அம்மாவால் குந்தி இருக்க முடியாததால் பழைய பீங்கானை எடுத்துவிட்டுக் கொமட் வைத்தோம். கொமட் வாங்கிய கடையே மேசனையும் அனுப்பியது. பொருத்துக்கூலி, ரைல்ஸ் பதித்த கூலி எல்லாம் கடை பில்லிலேயே இருக்கிறது. இரண்டு மாதம் ஆகவில்லை, அடியில் தண்ணீர் கசிகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. கடைக்காரர் "கொமட்டில் பழுதில்லை" என்கிறார். மேசன் "உங்கட பழைய மண் குழாய்தான் பிழை" என்கிறார். பக்கத்து வளவு அண்ணர் தன் கிணறு கெட்டுப்போகும் என்று சண்டைக்கு வருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: குழாய் பழையது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதில் மேசனைக் காப்பாற்றாது. பீங்கானைக் கிளப்பியபோதே குழாயின் வாய் அவர் கண்முன்னால் இருந்தது. அது உடைந்திருந்தால் "இதில வைக்கேலாது, குழாயை மாத்த வேணும்" என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வேலையை முடித்துக் காசும் வாங்கிய பிறகு குழாயின் மேல் பழிபோட முடியாது. இலங்கையில் வழங்கும் உரோம டச்சுச் சட்டப்படி, தொழில் தெரிந்தவராக ஒரு வேலையை ஏற்பவரின் திறமைக் குறைவே அவருடைய கவனயீனமாகக் கொள்ளப்படும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: வியாபாரமாகச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும், அதற்குப் போடும் பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உத்தரவாதம், யாரும் எழுதிக் கொடுக்காவிட்டாலும் உண்டு. பொருத்துக்கூலியைக் கடையே பில்லில் வாங்கியிருப்பதால் மேசனைக் காட்டிக் கடைக்காரர் நழுவ இடமில்லை. அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இந்த வழக்கில் என் சந்தேகம் ரைல்ஸ் மேல்தான். பழைய தரைக்கு மேலேயே சாந்து போட்டு ரைல்ஸ் பதித்தால் தரை உயரும், குழாயின் வாய் பழைய மட்டத்திலேயே கிடக்கும். கொமட்டின் கழுத்து அதற்குள் சரியாக இறங்காது. குழாயை உயர்த்தி றப்பர் இணைப்புப் போட வேண்டிய இடத்தில் வெறும் சீமெந்தை அப்பிவிட்டால், ஆள் இருந்து எழும்ப எழும்பக் கொமட் அசைந்து சீமெந்து வெடிக்கும். பிறகு தண்ணீர் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அடியால் தள்ளும். அப்படியானால் பிழை குழாயின் வயதில் இல்லை, வேலை செய்த விதத்தில்தான்.

இதை நிரூபிக்க வேண்டும். கொமட்டின் அடியை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளே சாப்பாட்டுக்குப் போடும் சிவப்புக் கலரிங் கொஞ்சம் விட்டுத் தண்ணீர் அடியுங்கள். அடியில் சிவப்பாகக் கசிந்தால் குழாய் இணைப்பில்தான் ஒழுக்கு. தெளிந்த தண்ணீர் வந்தால் தண்ணீர்த் தொட்டியையும் அதற்கு வரும் பைப்பையும் பாருங்கள், அது வேறு கதை. போனில் வீடியோ எடுங்கள். பக்கத்து வளவு அண்ணரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கோபமாக இருக்கும் அவரைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

அப்புறம் கடைக்கும் மேசனுக்கும் தனித்தனியே பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். 14 நாட்களுக்குள் தங்கள் செலவில் திருத்தித் தர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைக் கொண்டு திருத்தி அந்தச் செலவைக் கேட்பேன் என்று எழுதுங்கள். அம்மாவின் நிலையில் அவ்வளவு நாள் பொறுக்க முடியாவிட்டால், குறுகிய தவணையை எழுதி, அதன் பிறகு திருத்துங்கள். ஆனால் கொமட்டைக் கிளப்பும்போது ரைல்ஸ் மட்டத்திலிருந்து குழாய்வாய் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். உடைந்த சீமெந்தை எறிய வேண்டாம். புதிய மேசன் கண்டதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்றும் பதியாமல் உடைத்துத் திருத்திவிட்டால், நல்ல வழக்கும் அதோடு போய்விடும்.

உங்களுக்கு இப்போது அவசரம் நாள்தான். அதிகாரசபைக்கு எழுத்து முறைப்பாடு, விற்பனை நடந்து அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். "அடுத்த கிழமை ஆள் அனுப்புறம்" என்று கடை சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் காலம் ஓடிவிடும். யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் கொடுக்கலாம், 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது காசைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அது தவறினாலும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு, எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு வரை வழக்குப் போடலாம். ஆனால் இவ்வளவு சிறிய தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, நீங்களே பேசலாம். இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம்.

அண்ணரின் பயம் நியாயமானது. நம் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே விழுவது வடிகட்டப்படாமலே கிணற்றுத் தண்ணீரில் சேர்ந்துவிடும். அவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர், மேசன் அல்ல. அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) முறையிட்டால் உங்களுக்குத்தான் அறிவித்தல் வரும். ஆகவே திருத்தும் வரை அந்தக் கொமட்டைப் பாவிக்க வேண்டாம், அதை அவரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். அவருடைய கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டி வந்தால் அந்தச் செலவையும் கடைக்கான கடிதத்தில் கோருங்கள்.