பழைய சின்ன காருக்கு பிரேக் பாகம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பதினாறு வருடப் பழைய கார். மாடலும் வருடமும் சொல்லித்தான் முன் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) வாங்கினேன், அதைத் தாங்கும் கேலிப்பரில் உட்காரவே மாட்டேன் என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவரைத் திட்டாதீர்கள். ஒரே மாடலில், ஏன் ஒரே வருடத்தில்கூட, இரண்டு கம்பெனிகளின் கேலிப்பர் வந்திருக்கலாம். ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஒன்று, இல்லாததற்கு வேறு என்றும் இருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை எடுங்கள். அதையும் முழுக்க நம்ப வேண்டாம், முன்பு வைத்திருந்தவர் கேலிப்பரையே மாற்றியிருந்தால் எந்தப் பட்டியலும் உதவாது. பழைய பேடைக் கழற்றிப் புதியதோடு முதுகுக்கு முதுகு ஒட்டிவைத்துப் பாருங்கள்: நீளம், உயரம், இரண்டு பக்கக் காதுகள். நானும் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி எல்லாவற்றையும் பிரித்த பிறகுதான் புதுப் பெட்டியைத் திறந்தேன், 2 மில்லிமீட்டர் நீளம் அதிகம். இப்போதெல்லாம் முதலில் திறப்பது பெட்டியைத்தான்.

கேள்வி: அண்ணா, பேடின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று அச்சடித்திருக்கிறதே, ஜிஜிதான் உசத்தியா? செராமிக் வாங்கலாமா?

பதில்: அது மார்க் ஷீட் இல்லை தம்பி, உராய்வின் அளவு. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது நன்றாகக் காய்ந்த பிறகு. ஆகவே எஃப்ஈ என்று இருந்தால் சூடு ஏறியதும் பிடி குறையும் என்று அர்த்தம். எவ்வளவு நாள் உழைக்கும், கத்துமா என்பதையெல்லாம் அந்த எழுத்து சொல்லாது. முன்னால் மட்டும் ஜிஜி போட்டால் பின்னால் இருக்கும் டிரம் பிரேக்கோடு கணக்கு ஒத்துப்போகாமலும் போகலாம்.

செராமிக்கில் தூசியும் சத்தமும் குறைவு. உலோகம் கலந்த செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், மலை இறக்கத்துக்கும் முழுச் சுமைக்கும் நல்லது, ஆனால் டிஸ்க்கைக் கொஞ்சம் தின்னும். தினம் ஆபீஸ் போய்வரும் வண்டி என்றால், கார் புதிதாக வந்தபோது எந்த வகை இருந்ததோ அதே வகையை நல்ல மேக்கில் வாங்குங்கள், போதும்.

கேள்வி: டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் பிடித்தால் பெடல் துடிக்கிறது.

பதில்: டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். அளக்கும்போது கவனம்: ஓரத்தில் தேயாத விளிம்பு உதடு போல நிற்கும், வெர்னியர் அதன் மேல் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டிவிடும், அதனால் மைக்ரோமீட்டர் நல்லது. துடிப்புக்கு ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள், பெரும்பாலும் வளைவதில்லை, சுற்றிலும் தடிமன் சீராக இருக்காது. டிஸ்க் பதிந்து உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தாலே போதும், புது டிஸ்க்கும் கோணலாக உட்கார்ந்து சில மாதத்தில் அதே துடிப்பு திரும்பிவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகே மாட்டுங்கள், புது டிஸ்க்கின் மேல் இருக்கும் துருத் தடுப்பு எண்ணெயையும் கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் போட்டால் புதியதும் அப்படியே தேயும்.

கேள்வி: அந்த ‘ஏன்’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது சார்? எனக்கும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது, புதுப் பேட் போட்டும் அப்படியே.

பதில்: வண்டியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை அழுத்திவிட்டு விடுங்கள். சக்கரம் இறுக்கமாக இருக்கும்போதே கேலிப்பரில் இருக்கும் பிளீட் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) திறங்கள். உடனே சுலபமாகச் சுற்றினால் அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரிதான் இருக்கும், பழைய கார்களில் யாரும் சந்தேகப்படாத பாகம் இது. நிப்பிளைத் திறந்தும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ, கேலிப்பர் சறுக்கும் பின்னோ பிடித்திருக்கிறது. அந்தச் சறுக்கும் பின்னுக்குப் போட வேண்டியது பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

கேள்வி: பெடலை அழுத்திப் பிடித்தால் மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே கசிவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) சீல் கிட் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: பின் டிரம்மைக் கழற்றி ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தீர்களா? கசிவு அங்கே ஒளிந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல். இவ்வளவு பழைய வண்டியில் துளைக்குள் அரிப்பு விழுந்திருந்தால் கிட் வீண் செலவு, முழுதாக மாற்றுவேன். ஏர் எடுக்கும்போது (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். பிஸ்டன் வழக்கமாகப் போகாத, துருப்பிடித்த பகுதியில் சீல் உரசிக் கிழிந்துவிடும், நன்றாக இருந்த சிலிண்டர் அன்றோடு போய்விடும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் டாட் 3 என்று மூடியில் இருக்கிறது. நம்பர் பெரிதாக இருப்பதே நல்லது என்று டாட் 5 ஊற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டாட் 5 சிலிக்கான், மற்றவற்றோடு கலக்காது. டாட் 4 தாராளமாக ஊற்றலாம், அது 3-ஐப் போல கிளைக்கால் வகைதான். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, டாட் 4 230 வரை. ஈரம் உறிஞ்சிய பிறகு அதுவே 140, 155 என்று இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: பின் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை நானே மாற்றப் போகிறேன். ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள், ஸ்பிரிங் எது எங்கே என்று பார்த்துக்கொள்ள மாதிரி இருக்கும். ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் இடது வலது அட்ஜஸ்டரின் மரை எதிரெதிர், மாற்றிப் போட்டால் இறுக வேண்டியது தளரும். ஸ்பிரிங் செட்டும் புதிதாக வாங்குங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத் துணியால் துடையுங்கள்.