தூசு இருந்தால்தான் வெயில் கோடு தெரியும் – கேமரா கேள்வி பதில்

கேள்வி: மார்கழியில் ஏலகிரி போயிருந்தோம் சார். காலை ஏழரை மணிக்குப் பனிமூட்டத்துக்குள் மரக்கிளைகளுக்கு நடுவே வெயில் கோடு கோடாக இறங்கியது. கண்ணுக்கு அவ்வளவு அழகு. படத்தில் எல்லாம் வெளுத்துப்போய், கோடே இல்லை. எங்கே தப்பு? – வாசகர், காட்பாடி

பதில்: இடமும் நேரமும் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். காட்டு நிழல் இருட்டாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது, கூட்டினால் முதலில் கரைந்துபோவது அந்தக் கோடுகள்தான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் வசதியை, மைனஸ் 1-க்கு இறக்குங்கள், போதவில்லை என்றால் மைனஸ் 2. அடிமரமெல்லாம் கறுப்பாகிறதே என்று பயப்பட வேண்டாம், பின்னால் கறுப்பு இருந்தால்தான் கோடு எடுப்பாகத் தெரியும்.

இன்னொன்று, நிற்கும் திசை. சுத்தமான காற்றில் ஒளி தன் வழியே போய்விடும், பக்கத்தில் நிற்கிற நமக்கு ஒன்றுமே தெரியாது. நீர்த்துளியோ தூசோ புகையோ குறுக்கே இருந்து அதைச் சிதறடித்தால்தான் கொஞ்சம் நம் கண்ணுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் டிண்டால் விளைவு என்று படித்தோமே, 19-ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் ஆராய்ந்தது, அதேதான். பனித்துளி அளவுள்ள துளிகள் ஒளியை அது போகிற திசையை ஒட்டியேதான் அதிகம் சிதறடிக்கும். அதனால் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் கோடு மங்கிவிடும். சூரியன் இருக்கும் பக்கமே பாருங்கள், ஆனால் சூரியனை ஒரு அடிமரத்துக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். ஓரடி நகர்ந்தாலே படம் மாறிவிடும், அதனால் நின்ற இடத்திலேயே நிற்காமல் நடந்து தேடுங்கள். லென்ஸ் மேல் நேர் வெயில் பட்டால் படம் முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆகும், லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பான ஹூட் இல்லையென்றால் உள்ளங்கையால் மறைத்தாலே போதும். கண்ணாடி வழியாகப் பார்க்கும் எஸ்எல்ஆர் என்றால் சூரியனை அதில் நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊர் ரைஸ் மில் கூரை ஷீட்டில் ஒரு ஆணி ஓட்டை. அதிலிருந்து வெயில் கம்பி மாதிரி இறங்குகிறது. மொபைலில் எடுக்க வருமா? ஓட்டை கோணலாக இருக்கிறது, தரையில் விழும் வெளிச்சம் மட்டும் எப்படி வட்டமாக இருக்கிறது? – வாசகி, கலவை

பதில்: தாராளமாக வரும். நம் பக்கத்தில் இதற்கு ரைஸ் மில்லைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆற்காடு பக்கம் ஒரு மில்லில் ஒரு முற்பகல் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். ஒருவர் தவிட்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார், அதுவரை நூலாக இருந்த வெயில் சட்டென்று கைத்தடி கனத்துக்குத் தடித்தது, உள்ளே ஒவ்வொரு துகளும் சுழன்று சுழன்று மேலேறியது, பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. அந்தப் பத்து எண்ணிக்கைதான் உங்கள் நேரம். முதலில் மொபைல் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள், கைரேகைப் பிசுக்கு இருந்தால் எல்லாமே வீணாகும். திரையில் அந்தக் கோட்டின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்து, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், கிட்டே பறக்கும் தூசெல்லாம் வெள்ளைப் பொட்டாக விழும். இருட்டையும் வெளிச்சத்தையும் மொபைல் தானே சமன் செய்கிற எச்டிஆரையும் அணைத்துவிடுங்கள், அது நிழலை வெளுக்கவைத்துவிடும்.

தரையில் விழுவது ஓட்டையின் வடிவம் இல்லை அம்மா, சூரியனின் பிம்பம்! சிறிய ஓட்டை எதுவானாலும், லென்ஸ் இல்லாமல் துளை வழியாகவே பிம்பம் விழும் ஊசித்துளைக் கேமராதான். கூரை 20 அடி உயரம், வெயில் நேராக இறங்குகிறது என்றால் வட்டம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம் இருக்கும், அளந்து பாருங்கள். சாய்வாக விழுந்தால் முட்டை வடிவம். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று மரத்தடி நிழலில் இந்த வட்டங்களெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தன.

கேள்வி: வீட்டிலேயே சாம்பிராணி போட்டு எடுக்கலாமா? – வாசகர், வேலூர்

பதில்: எடுக்கலாம். ஒரே ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, மற்றதை மூடி, புகை அறை முழுக்க மெல்லியதாகப் பரவும்வரை பொறுங்கள், உடனே எடுத்தால் மேகம்தான் விழும். கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால் வேண்டாம். பவுடர் தூவுவதும் வேண்டாம், நுரையீரலுக்கும் கேமராவுக்கும் கெடுதல்.

கேள்வி: சூரிய ஒளி இணையாகத்தான் வருகிறது என்கிறார்கள். பிறகு ஏன் சாயங்காலம் மேகத்துக்குப் பின்னாலிருந்து விசிறி மாதிரி விரிகிறது? – வாசகர், ராணிப்பேட்டை

பதில்: காட்பாடி ஜங்ஷன் பிளாட்பார முனையில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள், தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும், அதே கதைதான். வைட் லென்ஸ் போட்டு, மேகத்தின் பிரகாசமான ஓரத்துக்கு வெளிச்ச அளவு வைத்து எடுங்கள். எடுத்ததும் கிளம்பிவிடாமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்தால் அப்படியே கிழக்கே திரும்பிப் பாருங்கள். வானம் ஒத்துழைத்தால் அதே கதிர்கள் தலைக்கு மேலே கடந்துபோய் எதிர்த்திசையில் மறுபடி ஒரு புள்ளியில் கூடுவது தெரியும், மேற்கே பார்த்ததைவிட ரொம்ப மங்கலாக இருக்கும், அதற்கு மைனஸ் அரை போதும்.